கறுப்புக் கவரில் வந்த கறி

என் வயதுக்காரர்களிடம் ஒரு கேள்வி. ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வீட்டுக்குக் கறி எந்த நிறக் கவரில் வந்தது?

தாம்பரத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். கோழிக்கறி வெள்ளைக் கவரில் வரும். உள்ளே இருப்பது வெளியே தெரியும். ஆட்டுக்கறி வாங்கியவர் கவரை வீசிக்கொண்டே நடப்பார். தெரு முழுக்கத் தெரிய வேண்டும் என்ற நடை அது. பன்றிக்கறி மட்டும் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, அதையும் ஒரு துணிப்பைக்குள் வைத்து வரும். மூன்று சட்டை போட்ட கறி. அப்படியும் எதிரே வருகிறவர் "பையில என்ன?" என்று கேட்டுவிட்டால் சொல்வதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும்: "மருந்துக்கு." பன்றிக்கறி மூலத்துக்கு நல்லது என்று ஊரே நம்பியது. கடையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தால், பல்லாவரத்திலிருந்து ஊரப்பாக்கம் வரை பாதிப் பேருக்கு மூலம் இருந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு அந்தக் கவர் வந்ததே இல்லை. முதன்முதலாக வந்தது ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமையில். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. இரும்புலியூரில் ரயில் பாதைக்குப் பின்னால் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட அறைகளில் ஒன்று எங்களுடையது. அப்பா பெயின்டர். அம்மா மேற்குத் தாம்பரத்தில் ரிட்டயரான ஒரு டீச்சரம்மா வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கிடையாது. பேருந்தில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை யாரையும் கேட்காமல் படித்து, "இதுல ஏறு" என்று என் அம்மாவுக்கு நான் சொன்ன நாளை இன்றும் நினைத்துப் பார்த்துச் சந்தோஷப்படுகிறேன். அம்மாவுக்கும் அந்தப் பெருமை உண்டு. தெருவில் ஒரு இங்கிலீஷ் பலகை விடாமல் என்னை நிறுத்திப் படிக்கச் சொல்வாள். படித்தது சரியா தப்பா என்று அவளுக்குத் தெரியாது. வேகமாகப் படித்தால் சரி என்று எடுத்துக்கொள்வாள்.

அந்த மழைக்காலத்தில் டீச்சரம்மா வீட்டுக்கு மருமகள் வந்தாள். அமெரிக்காவில் லூசியானா என்ற ஊர்க்காரி. டீச்சரம்மாவின் மகன் அங்கே படிக்கப் போன இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு, நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்ததும் அழைத்து வந்துவிட்டார். அவர் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்தார். இங்கே விடியும்போதுதான் வீட்டுக்கு வருவார். பகல் முழுக்கத் தூக்கம். ஆகவே பகலில் அந்த வீட்டில் விழித்திருந்தவர்கள் தமிழ் தெரியாத ஒரு மருமகள், மருமகளிடம் என்ன பேசுவது என்று தெரியாத ஒரு மாமியார், இங்கிலீஷ் தெரியாத என் அம்மா. டீச்சரம்மாவுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். வகுப்பு எடுப்பது போலத்தான் வரும்.

மருமகள் மாசமாக இருந்தாள். மூன்று மாதத்தோடு நிற்க வேண்டிய வாந்தி நான்கு தாண்டியும் நிற்கவில்லை. இட்லி, தோசை, ரொட்டி, கஞ்சி, எதுவும் வயிற்றில் தங்கவில்லை. இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. "எங்க அம்மா வீட்டுக்கே போயிடறேன்" என்று அவள் அழுததாகவும், அடுத்த வாரத்துக்கு விமான டிக்கெட் பார்க்கிறார்கள் என்றும், போனால் குழந்தையோடு திரும்பி வருவாள் என்று எந்த உறுதியும் இல்லை என்றும் அம்மா என்னிடம் சொன்னாள். இதெல்லாம் அவளுக்கு எப்படிப் புரிந்தது என்று தெரியவில்லை. சமையலறையில் நிற்பவர்களுக்கு மொழி தேவைப்படுவதில்லை போலும்.

மழைக்குப் பள்ளி விடுமுறை விட்ட ஒரு நாள் அம்மா என்னைக் கூடவே கூட்டிப்போனாள்.

"நீ அதாண்ட பேசு. இன்னாதான் துன்னணும்னு ஆசையா கீதுன்னு கேளு. இங்கிலீஸ்ல கேளு, நல்லா கேளு."

வெள்ளைக்கார அக்கா பின்கட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன். என் இங்கிலீஷ் அன்று எப்படி இருந்தது என்று நினைத்தால் இன்று சிரிப்பு வருகிறது. ஆனால் அக்கா சிரிக்கவில்லை. அவள் இங்கிலீஷும் எங்கள் பள்ளிக்கூட இங்கிலீஷ் போல இல்லை. வெல்லப் பாகு ஊற்றுவது மாதிரி இழுத்து இழுத்துப் பேசினாள். தன் ஊரும் இப்படித்தான் என்றாள். எப்போதும் மழை, எங்கும் தண்ணீர், நெல் வயல், சேற்று வாசனை. அங்கே பன்றிக்கறியையும் ஈரலையும் வேகவைத்து, கொத்தி, சோற்றோடு பிசைந்து, பன்றிக்குடலில் அடைத்து ஒரு பதார்த்தம் செய்வார்களாம். அதற்குப் பூடான் என்று பெயராம். சின்ன வயதில் அப்பாவோடு வண்டியில் போகும்போது பெட்ரோல் பங்கில் சுடச்சுட வாங்கித் தருவாராம். கண்ணை மூடினால் அந்த வாசனைதான் வருகிறதாம்.

நான் அப்படியே சொன்னேன்.

"பூடானா? அது ஒரு நாடுன்னு போன வாரம் நீதான படிச்சிகினு இருந்த?"

"இது வேற பூடான்மா."

"பெட்ரோல் பங்குல சோறு விக்கிறாங்களாமா?" அம்மாவுக்கு அதுதான் ஆச்சரியம். அப்புறம் முகம் மாறிவிட்டது. "மசக்கையில கேட்டத குடுக்கலனா கொயந்தைக்குக் காதுல சீழு வடியும்டி. அது எந்த ஊரு கொயந்தையா இருந்தா இன்னா, காது காதுதான?"

அக்கா என்னிடம் பதிலுக்கு ஒன்று கேட்டாள். தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் 'போதும்' என்றாள். சாப்பிட உட்கார்ந்ததும் அதைச் சொல்லி எழுந்துவிடுகிறாளாம். அதற்கு எதிர்ச்சொல் என்ன என்று கேட்டாள். "இன்னும்" என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, வாய்ப்பு வந்தால் சொல்கிறேன் என்று சிரித்தாள்.

அன்று சாயங்காலமே அம்மா டீச்சரம்மாவிடம் கேட்டுவிட்டாள். டீச்சரம்மா தாளித்துக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே நிறுத்தினார்.

"யார் சொன்னது உனக்கு?"

"மருமவப் பாப்பாதான் ஆசப்படுது டீச்சரம்மா. ஒரே ஒரு தபா பண்ணிக் குடுத்தா..."

"இந்த வீட்டு அடுப்புல பன்னி ஏறாது. நம்ம சபையில யாராவது கேள்விப்பட்டா என்ன ஆகும்? இன்னொரு முறை இந்தப் பேச்சு வந்தா நீ வேற வேலை பாத்துக்கோ."

கோபப்பட்டால் டீச்சரம்மாவின் முகம் சிவக்கும். அன்று சிவக்கவில்லை, வெளுத்துப் போயிருந்தது. எனக்கு அப்போது அது அருவருப்பு என்று தோன்றியது. பெரிய வீட்டுக்காரர்கள், வெள்ளைப் புடவை கட்டி வேதக்கோவிலுக்குப் போகிறவர்கள், அவர்களுக்கு இதெல்லாம் ஆகாது என்று முடிவு கட்டிவிட்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கியிருந்தது. புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு நடுத்தண்ணீரில் நின்றவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவங்க வூட்டு அடுப்புலதான ஏறாதுன்னாங்க? நம்ம வூட்டு அடுப்பப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

அந்த வேலை போனால் எங்களுக்கு எப்படி இருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியாததல்ல. என் பள்ளிச் செலவு முழுக்க அந்த அடுப்பில்தான் வெந்துகொண்டிருந்தது. அப்பா கேட்டதற்கு ஒரே வரிதான் சொன்னாள்: "அந்தப் பொண்ணு வெறும் வயித்தோட பிளேன் ஏறிச்சுன்னா எனக்கு அடுத்த வேளைச் சோறு எறங்காது."

ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சரம்மா கோவிலுக்குப் போவார். ஆராதனை முடிந்ததும் பெண்கள் சங்கக் கூட்டம். மத்தியானம் தாண்டித்தான் திரும்புவார். அன்று காலை முதல் ரயிலில் அம்மாவும் நானும் பல்லாவரம் போனோம். ஞாயிறு மட்டும் திறக்கும் கடை. தார்ப்பாய் போட்ட கூரை, பெயர்ப்பலகை கிடையாது. பெயர் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னாக்கா, மருந்துக்கா?" கறிக்கடை அண்ணா கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்.

"மருந்துக்குத்தான்."

"எல்லாருக்கும் மருந்துதான். ஆஸ்பத்திரின்னு போர்டு மாட்டிடலாம்னு பாக்கறேன். தொடையா, நெஞ்சா?"

"முன்னங்கால் சப்பையில குடு. கொழுப்போட குடு. ஈரல் கொஞ்சம். அப்பால... குடல்."

கத்தி நின்றது. "குடலா? அத்த நாய்க்குப் போடறேன்க்கா நானு. உனக்கு இன்னாத்துக்கு?"

"அதுவும் மருந்துக்குத்தான். வெடிப்பு இல்லாததா, நீட்டமா பாத்துக் குடுண்ணா."

அவர் குடலை எடுத்துக் காட்டியபோது அம்மா அதைக் கையில் வாங்கி, ஒரு முனையை ஊதி, காற்று எங்கும் கசியவில்லை என்று பார்த்துக்கொண்டாள். நான் வாயைப் பிளந்து பார்த்தேன். பன்றி என்ற பேச்சே எங்கள் வீட்டில் எடுக்கக் கூடாது. எடுத்தால் அடி விழும். ஆனால் அம்மாவின் கை அதை நேற்றுத் தொட்டது போலத் தொட்டது. அவள் பிறந்த ஊரில் அது வழக்கம்தான் என்பதும், தாம்பரத்தில் வாடகைக்கு அறை கேட்கப் போன நாளிலிருந்து அதை நிறுத்திக்கொண்டாள் என்பதும் எனக்குப் பிற்பாடு தெரிந்த விஷயங்கள்.

அறைக்கு வந்ததும் கதவைச் சாத்தினாள். பொதுக் குழாயில் கழுவ முடியாது. வாளியில் தண்ணீர் பிடித்து உள்ளேயே வைத்துக்கொண்டு, குடலைத் துடைப்பக்குச்சியில் கோத்து உள்பக்கத்தை வெளியே திருப்பினாள். கல்லுப்பு, மஞ்சள், எலுமிச்சைத் தோல். தேய்த்து, அலசி, மறுபடி தேய்த்து, கத்தியின் மழுங்கிய பக்கத்தால் வழித்தாள். கடைசியில் கண்ணாடிக் காகிதம் போல மெலிதாக, உள்ளே கை தெரிகிற மாதிரி ஆகிவிட்டது.

பக்கத்து அறை அக்கா கதவைத் தட்டினாள். "இன்னாக்கா, காத்தால கதவ சாத்திகினு கீற? வாசன ஒரு மாரி வருது?"

"மருந்து காய்ச்சறேன்டி."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்!" என்றார் அப்பா உள்ளே இருந்து. அம்மா அவரை முறைத்த முறைப்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

அப்பாவுக்கும் ஒரு வேலை இருந்தது. குடலில் அடைக்க ஒரு புனல் வேண்டும். முறுக்கு அச்சை அம்மா எடுத்துப் பார்த்தாள், வாய் பெரிது. மண்ணெண்ணெய் ஊற்றும் புனலைத் தொடவே விடவில்லை. அப்பா ஒரு தண்ணீர் பாட்டிலின் கழுத்தை பிளேடால் அறுத்து, விளிம்பு குடலைக் கிழிக்காமல் இருக்க, சுவர் தேய்க்கிற உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்துக் கொடுத்தார். பங்களாச் சுவருக்குக்கூட அவ்வளவு பொறுமையாகத் தேய்த்திருக்க மாட்டார்.

வெள்ளைக்கார அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினாள். டீச்சரம்மா வீட்டுத் தெருமுனை ஆட்டோக்காரரிடம் அம்மாவும், அக்காவிடம் நானும் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தோம். எங்கள் ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்தோம். அது ஒரு கால் ஆடும் நாற்காலி. அப்பா அதன் அடியில் அட்டை மடித்து வைத்தார். அக்கா சொல்லச் சொல்ல நான் தமிழில் சொல்ல, அம்மா செய்தாள். கறியும் ஈரலும் வெங்காயம், குடைமிளகாய், மிளகு போட்டு வேக வேண்டும். அவர்கள் ஊரில் போடும் ஏதோ ஒரு தண்டுக்கு இங்கே வழியில்லை. வெங்காயத்தாளையே கூடுதலாக நறுக்கினோம். மிளகாய்த் தூள் மட்டும் எங்கள் வீட்டுத் தூள். அக்கா அதை நுனி நாக்கில் வைத்துப் பார்த்து, இது எங்கள் ஊரைவிடப் பொல்லாதது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வெந்த கறியைக் கொத்தி, அது வெந்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிடாமல் எடுத்து வைக்க வேண்டும். பிறகு சோறு சேர்த்துப் பிசைய வேண்டும்.

இந்த இடத்தில்தான் அம்மா சறுக்கினாள். எங்கள் சனம் யாராக இருந்தாலும் அங்கேதான் சறுக்கியிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்தவர்களுக்கு ரேஷன் அரிசி போடுவதா? அம்மா அதற்கென்றே முந்தின நாள் கடையில் பழைய பொன்னி அரிசி வாங்கி வைத்திருந்தாள். அதைப் பதமாக வேகவைத்து, கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி ஆற வைத்தாள். மல்லிகை மொட்டைக் கொட்டியது போலச் சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடந்தது. சோறு உதிரியாக இருந்தால்தான் வடித்தவளுக்கு மரியாதை என்று வாழ்ந்தவள் அவள். அக்காவிடம் அதைக் காட்டியபோது அம்மா முகத்தில் அவ்வளவு கர்வம்.

கறியோடு அது சேரவே இல்லை. பிசையப் பிசைய, சோறு சோறாகவும் கறி கறியாகவும் பிரிந்தன. எப்படியோ அடைத்து, நூலால் முடிந்து, வெந்நீரில் இறக்கினோம். சற்று நேரத்தில் ஒன்று வெடித்தது. அப்புறம் இன்னொன்று. பானை முழுக்கச் சோறு மிதந்தது. தப்பிப் பிழைத்த ஒன்றை அக்காவிடம் கொடுத்தோம். அவள் கடித்ததும் பொலபொலவென்று மடியில் கொட்டியது. ஒரு வாய் விழுங்கினாள். உடனே எழுந்து குளியல் மூலைக்கு ஓடினாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தவள் அழுதாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள்.

"இன்னாடி சொல்லுது?"

"நீங்க தப்பா எதுவும் செய்யலையாம், அம்மா. அடுத்த வாரம் ஊருக்கே போயிடறேன்னு சொல்றாங்க."

அம்மா பாட்டில் கழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அப்பாவுக்குப் பசி தாங்கவில்லை. கட்டிலுக்குப் பின்னால் குனிந்து, தட்டு போட்டு மூடி மறைத்து வைத்திருந்த அலுமினியக் குண்டானை வெளியே இழுத்தார்.

"மணி இன்னா ஆவுது? புள்ள பசியில கீது. நாம நம்ம சோத்தத் துன்னுவோம்."

அம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அதற்குள் அப்பா மூடியைத் திறந்துவிட்டார். காலையில் எங்களுக்கென்று பொங்கி வைத்த ரேஷன் பச்சரிசிச் சோறு. அதை எப்படி வடித்தாலும் குழைந்துதான் போகும். கரண்டியில் எடுத்தால் உருண்டையாக வரும், தட்டினால்தான் விழும். ஒரு பழைய வாசனையும் உண்டு. என் வகுப்புத் தோழிகள் வந்தால்கூட அம்மா அந்தக் குண்டானை மறைத்துவிடுவாள்.

அக்கா எட்டிப் பார்த்தாள். எழுந்து வந்தாள். தரையில் உட்கார்ந்து, குண்டானுக்குள் விரலை விட்டு ஒரு கவளம் எடுத்து உருட்டினாள். அது உருண்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையில், அம்மா கேட்பதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன்.

"அம்மா, இந்தச் சோறுதானாம்! இப்படித்தான் ஒட்டணுமாம்!"

"ஐயய்ய, அது ரேசன் அரிசிடி! வேணாம்னு சொல்லு. வெளியில சொன்னா மானம் போவும்."

நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பயனில்லை. அக்கா அதற்குள் மீதமிருந்த கறியைக் குண்டானில் கொட்டி, எடுத்து வைத்த தண்ணீரை ஊற்றி, மணிக்கட்டு வரை கையை விட்டுப் பிசைய ஆரம்பித்துவிட்டாள். ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே பிசைந்தாள். அம்மா சற்று நேரம் பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்து தானும் கையை விட்டாள். அந்தக் குண்டானில் ஒரு வெள்ளைக் கையும் ஒரு கறுத்த கையும் கறியும் சோறுமாகப் புரண்டது நான் பார்த்த அழகான காட்சிகளில் ஒன்று. அந்தக் குண்டான் அடுத்த வெள்ளத்தில் போய்விட்டது. வேறு எத்தனையோ சாமான்கள் போயின. எனக்கு அது ஒன்றுதான் குறை.

இந்தத் தடவை குடல் நிறைந்து, மினுமினுவென்று, குழந்தையின் முன்கை போல வந்தது. தண்ணீர் கொதிக்கக் கூடாது, சுட்டால் போதும் என்றாள் அக்கா. வெடிக்கவில்லை. வெளியே எடுத்ததும் ஆவியோடு ஒரு வாசனை எழும்பியது. மிளகு, ஈரல், வெங்காயத்தாள், அதோடு நான் வெட்கப்பட்டு வளர்ந்த அந்தப் பழைய அரிசி வாசனை. எல்லாம் சேர்ந்து வேறு ஒன்றாகிவிட்டிருந்தன.

அக்கா ஒரு முனையைக் கடித்துத் திறந்து, பல்லால் அழுத்தி உறிஞ்சினாள். அப்படித்தான் சாப்பிட வேண்டுமாம். நாங்கள் மூன்று பேரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா வாளியை நகர்த்திப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். இறங்கியது. காத்திருந்தோம். மேலே வரவில்லை. அக்கா அடுத்த கடி கடித்தாள்.

"நின்னுச்சு" என்றார் அப்பா, ரகசியம் போல.

கதவு தட்டப்பட்டது. பக்கத்து அறை அக்காதான் என்று நினைத்து அம்மா, "மருந்துதான்டி, போடி!" என்று கத்திக்கொண்டே திறந்தாள்.

குடையோடு டீச்சரம்மா நின்றார். கோவிலுக்குக் கட்டிய வெள்ளைப் புடவையின் கரை முழுக்கச் சேறு. மழைக்குச் சங்கக் கூட்டம் சீக்கிரம் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். மருமகளைக் காணோம், மகனை எழுப்பினால் அவருக்கும் தெரியவில்லை. தெருமுனை ஆட்டோக்காரர் சொல்லிவிட்டார்.

அம்மாவின் கையில் பிசைந்த சோறு அப்படியே ஒட்டியிருந்தது. அதை எங்கே மறைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "டீச்சரம்மா... எம்மேலதான் தப்பு. பாப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க. வேலைய வுட்டு வேணா நின்னுடறேன்."

டீச்சரம்மா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த மருமகளைப் பார்த்தார். கன்னத்தில் எண்ணெய், முகவாயில் ஒரு பருக்கை, கையில் வெறும் தோல். அக்கா மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். பயந்துபோயிருந்தாள். ஆனாலும் காலித் தட்டை அம்மா பக்கம் நீட்டி, தெளிவாக, நான் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பிலேயே சொன்னாள்:

"இன்னும்."

மருமகள் வந்த நாளிலிருந்து அவள் வாயில் 'போதும்' தவிர வேறு தமிழைக் கேட்காத டீச்சரம்மா, குடையை மடக்க மறந்து நின்றார். குடையிலிருந்து தண்ணீர் எங்கள் கட்டில்மேல் வடிந்தது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அம்மா அடுத்ததை எடுத்து வைக்கும்போது குனிந்து பார்த்தார். மூக்கு லேசாக விரிந்தது.

"குடலை எதுல கழுவின?"

"உப்பும் மஞ்சளும் போட்டு, டீச்சரம்மா. எலுமிச்சத் தோலும்."

"கடைசியில புளிச்ச மோர்ல ஒரு அலசு அலசணும். இல்லனா லேசா வாடை நிக்கும். எங்க வீட்ல அப்படித்தான்..."

பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டார். அம்மா டீச்சரம்மாவைப் பார்த்தாள். டீச்சரம்மா எங்கள் சுவரைப் பார்த்தார்.

"எங்க வூட்ல புளித் தண்ணி ஊத்துவாங்க டீச்சரம்மா" என்றாள் அம்மா, மிக மெதுவாக.

"அதுவும் நல்லாத்தான் இருக்கும்" என்றார் டீச்சரம்மா. அந்த ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்க அப்பாவுக்கு உயிரு. நான் ட்ரெய்னிங் முடிச்சு வேலைக்கு வந்தப்புறம் விட்டாச்சு. யாரும் விடச் சொல்லல. நானாத்தான்." கையை நீட்டி, "ஒண்ணு குடு" என்றார்.

தட்டு வேண்டாம் என்றுவிட்டார். முனையைக் கடித்து, பல்லால் அழுத்தி, ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டார். அதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அக்கா வியந்துபோய் என்னைப் பார்த்தாள். மொழிபெயர்க்க என்னிடம் ஒன்றும் இல்லை.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஒரே சமையலறையில் அத்தனை வருஷம் இரண்டு பெண்கள் நின்றிருக்கிறார்கள். ஒருத்தி சம்பளம் கொடுத்தாள், ஒருத்தி வாங்கினாள். இரண்டு பேரும் ஒரே ருசியை ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒளித்து வைத்திருந்தார்கள். நான் அருவருப்பு என்று நினைத்தது பயம். படித்து மேலே வந்த ஒருவரின் பயம். அது எப்படிப்பட்டது என்று படித்து மேலே வந்த எனக்கு இப்போது தெரிகிறது. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் என் டப்பாவைத் திறக்கும் முன் ஒரு நொடி என் கையும் தயங்கியிருக்கிறது.

டிக்கெட் பேச்சு நின்றது. அக்காவுக்குக் கன்னம் வந்தது. பிறகு இட்லியும் தங்கியது, எங்கள் காரக் குழம்பும் தங்கியது. பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போன அம்மா, எல்லோரும் மூக்கு யார் மாதிரி, நிறம் யார் மாதிரி என்று பேசிக்கொண்டிருக்கையில், குழந்தையை வாங்கி முதலில் இரண்டு காதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சுத்தமா கீது" என்றாள். யாருக்கும் புரியவில்லை, எனக்கும் டீச்சரம்மாவுக்கும் தவிர.

இன்று ஊரப்பாக்கத்தில் என் பெயரில் ஒரு ஃப்ளாட் இருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு அம்மாவும் நானும் பூடான் செய்வோம். கடையில் எத்தனையோ ரக அரிசி கிடைக்கிறது. அம்மா ரேஷன் பச்சரிசியைத்தான் எடுப்பாள். பால்கனிக் கதவைத் திறந்தே வைப்போம்.

கடைசியாக ஒன்று. டீச்சரம்மா எங்கள் அறைக்கு வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் மறுபடி பல்லாவரம் போனோம். இந்த முறை டீச்சரம்மா கூட வந்தார். தானே வருவேன் என்று பிடிவாதம். வெள்ளைப் புடவை, கையில் பைபிள் வைக்கும் பை. கோவிலுக்கு நேராகப் போவதாகத் திட்டம். வரிசையில் எல்லோரும் வழக்கம்போலத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்ற ஒருவர் சட்டென்று திரும்பி, டீச்சரம்மாவைப் பார்த்து வெலவெலத்துப்போனார். அவர்கள் சபைக்காரராம். "மூலத்துக்குங்க டீச்சர், டாக்டர் சொன்னாரு" என்று கேட்காமலே சொன்னார்.

எங்கள் முறை வந்தது. கறிக்கடை அண்ணா அம்மாவை அடையாளம் கண்டு சிரித்தார். பின்னால் நின்ற டீச்சரம்மாவின் தோரணையைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மரியாதையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னாம்மா, மருந்துக்கா?"

டீச்சரம்மா கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றார். கடைசிப் பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"இல்லப்பா. சாப்பிடறதுக்கு."